பட்டியல் யாரிடம் இருக்கின்றது?



புதுச்சேரிக்குத் தென்மேற்கே ஏம்பலம் என்றொரு சிற்றூர் உள்ளது. நம்மில் பலர் புதுவைக்குச் சென்று அரவிந்தர் ஆசிரமத்தையும் பாரதியார் வாழ்ந்த இல்லத்தையும் கண்டு திரும்பியிருப்போம். ஏம்பலத்தை எட்டிப் பார்த்தவர் அரியர். 1990களின் இறுதியில் அவ்வூர்க் கோவிலுக்குச் சொந்தமான இடத்தில் ஒரு கணினி வந்து அமர்ந்தது. அதனை இயக்கியவர்கள் பொறியியல் படித்தவர்கள் அல்லர். அவ்வூரிலேயே வாழ்ந்த பெண்கள். தீட்டு என்றும் சாதி என்றும் காரணம் சொல்லிச் சிலரை வெளியே நிறுத்திய கோவில் அது. ஆயினும், கணினி இருந்த அறைக்கு அந்தத் தடை இல்லை. யாரும் வரலாம், எந்த நாளிலும் வரலாம் என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் கணினியே அங்கு வந்தது.

இணையத்தின் வரலாற்றை எழுதுவோர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களையும் பெருநிறுவனங்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். தகவல் யாருக்கு உரியது, அதனை யார் பார்க்கலாம், யாரிடமிருந்து காக்க வேண்டும் என்னும் கேள்விகளை நடைமுறையில் எதிர்கொண்ட பெண்களைப் பற்றி ஒரு பத்தி கூட இருப்பதில்லை. நம் பிள்ளைகளின் விவரங்களை நாள்தோறும் கையாளும் ஆசிரியர்களாகிய நமக்கும், அவ்விவரங்களை நம்பித் தரும் பெற்றோர்களுக்கும் அந்த வரலாறு மிக அண்மையில் உள்ளது. ஆகவே இக்கட்டுரை.

ஏம்பலத்துக்குக் கணினி வந்த கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியோடு 1998இல் புதுவையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் நடுவம். அங்கிருந்து கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களுக்குத் தகவல் சென்றது. (1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் புதுவை இந்தியாவோடு இணைவது குறித்து மக்கள் சார்பாளர்கள் வாக்களித்தது இதே கீழூரில்தான்! ஊர் சிறிதாயினும் வரலாறு அடிக்கடி வந்து போகும் ஊர் போலும்.)

அக்காலத்தில் அவ்வூர்களில் தொலைபேசிகளே விரல்விட்டு எண்ணத்தக்கவை. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வில்லியனூரில் மட்டும் தொலைபேசிவழி இணைய இணைப்பை வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஊர்களுக்கு வானொலி அலைகள் வழியாகத் தகவலை அனுப்பினார்கள். மின்சாரம் நின்றால் சூரிய ஆற்றல் கைகொடுத்தது. ஊரார் இடம் தர வேண்டும். மையத்தை நடத்தத் தன்னார்வலர்களைத் தர வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்கள் உட்பட அனைவரையும் உள்ளே விட வேண்டும். இவையே நிறுவனம் கேட்டவை. முன்வந்த தன்னார்வலர்களில் பெண்கள் பெரும்பங்கு வகித்தனர்.

தமிழில் தட்டெழுதுவதே அன்று ஒரு போராட்டம் என்பதை இளைய ஆசிரியர்கள் அறிய வாய்ப்பில்லை. ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதியதை வேறொருவர் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு குறியீட்டுத் தரத்தைப் பற்றி விவாதித்தது. 2001இல் அம்மாநாடு நம் கோலாலம்பூருக்கே வந்தது. நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இல்லாமல் அக்காலத் தமிழ்க் கணிமையைப் பேச முடியாது. அறிஞர்கள் மாநாட்டு மண்டபத்தில் தரம் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிற்றூர்ப் பெண்கள் கிடைத்த விசைப்பலகையில் நெல் விலையையும் மருத்துவர் பெயரையும் தட்டிக்கொண்டிருந்தனர். இரண்டும் தேவைதான். ஆனால் மண்டபத்தில் இருந்தோரின் பெயர்கள் மட்டுமே நமக்குத் தெரிகின்றன.

அந்தக் கணினியில் அப்படி என்ன இருந்தது? மருத்துவமனைகள், பேருந்து நேரங்கள், விதை, உரம், சந்தை விலை எனப் பல தரவுத்தளங்கள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணியின் பசு கன்று ஈன முடியாமல் நாள்கணக்கில் தவித்தபோது, மையத்தில் இருந்தவர்கள் கால்நடை மருத்துவர்களின் பட்டியலைப் பார்த்து ஒருவரை அழைக்க, பசு பிழைத்தது. இச்செய்தி வெளிநாட்டு இதழ் வரை சென்றது. பசு பிழைத்தது மகிழ்ச்சிதான். எனினும், நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று.

அரசு ஏழைகளுக்கென்று வகுத்திருந்த உதவித் திட்டங்கள் ஏராளம். அவற்றைப் பெறத் தகுதியுள்ளோரின் பெயர்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழ்வோர் பட்டியலில் இருந்தன. அந்தப் பட்டியல் எங்கே இருந்தது? அலுவலகத்துப் பேழையில்! தம் பெயர் அதில் உண்டா, இல்லையா என்பதே பட்டியலில் உள்ளவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் தயவு வேண்டும். தயவுக்குச் சில வேளைகளில் விலையும் உண்டு. அத்திட்டங்களின் விவரங்களும் அப்பட்டியலும் ஊர்க் கணினிக்கு வந்தபோது, அதிகாரத்தின் ஒரு சிறு துண்டு பேழையைவிட்டு வெளியே வந்தது. கணவனை இழந்த பெண்ணொருத்தி அலுவலகத்தின் வாசலில் நிற்காமல், தன் தெருப் பெண்ணிடம் கேட்டே தனக்குரியதை அறிந்துகொள்ள முடிந்தது.

வில்லியனூரிலிருந்து ‘நம்ம ஊரு செய்தி’ என்னும் இதழும் மாதம் இருமுறை வெளிவந்தது. 2001இல் இத்திட்டத்திற்கு ஸ்டாக்ஹோம் சவால் விருது கிடைத்தது.

கடலோர ஊரான வீராம்பட்டினத்தில் தேவை வேறு. அமெரிக்கக் கடற்படையின் இணையப்பக்கத்தில் வங்கக்கடலின் அலை உயரம் குறித்த முன்கணிப்பு கிடைத்தது. வில்லியனூரில் அதனை இறக்கித் தமிழாக்கி அனுப்ப, ஊரில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீனவர் எவரும் கணினியைத் தொட வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கரையில் வலை உலர்த்திக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம். மின்னிலக்க இடைவெளி என்று இன்று மேடைகளில் முழங்குகின்றோமே, அதனை ஓர் ஒலிபெருக்கியால் கடந்தவர்கள் அவர்கள்.

அந்த ஒலிபெருக்கி என்ன செய்தது என்பதை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் உலகம் கண்டது. நல்லவாடு என்னும் மீனவர் ஊரிலும் இத்தகைய மையம் இருந்தது. முன்பு அத்திட்டத்தில் தன்னார்வலராக இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் பணிபுரிந்துகொண்டிருந்தார். சுமத்ரா நிலநடுக்கச் செய்தியைக் கேட்டு அவர் வீட்டிற்குத் தொலைபேசியில் பேச, ஊரார் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து உள்ளே சென்று ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். படகுகளும் வீடுகளும் அழிந்தன. சுமார் 500 குடும்பங்கள் வாழ்ந்த அவ்வூரில் உயிர்கள் தப்பின. அதே நாளில் நம் நாட்டில், பெரும்பாலும் பினாங்கிலும் கெடாவிலும், 68 பேரை இழந்தோம் என்பதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவும் சிற்றூர் அளவில் நிகழ்ந்தவை. இவை அரசின் கொள்கையாக மாறியதிலும் ஒரு பெண்மணியின் பங்கு பெரிது. கேரளத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளராக இருந்த அருணா சுந்தரராசன், வீட்டுக்கு ஒருவரேனும் கணினியை இயக்கக் கற்க வேண்டும் என்னும் ‘அட்சயா’ திட்டத்தை மலப்புரம் மாவட்டத்தில் முன்னின்று நடத்தினார். 2002ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனைத் தொடக்கி வைத்தார். பின்னர் 2006இல் இந்திய அரசு ஓர் இலட்சம் பொதுச்சேவை மையங்களை அமைக்க ஒப்புதல் அளித்தது. அருணா சுந்தரராசன் அப்பணியிலும் முதன்மைப் பொறுப்பில் இருந்தார். 2017 முதல் 2019 வரை தொலைத்தொடர்புத் துறைச் செயலாளராகவும் விளங்கினார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1996இல் பல்லூடகப் பெருவழித்தடம் தொடங்கியது, சைபர்ஜெயா எழுந்தது. 1999இல் சில பள்ளிகளில் விவேகப் பள்ளித் திட்டம் வந்தது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது எங்களுக்கு மடிக்கணினியும் குறுவட்டுகளும் தந்தார்கள். அக்குறுவட்டுகளை எத்தனை முறை திறந்தோம் என்று ஆசிரிய நண்பர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும்!

பெருவழித்தடத்திற்கு வெளியே இருவர் வேறு வேலை செய்தனர். ஒருவர் கோலாலம்பூரைச் சார்ந்த எழுத்தாளர் சொங் ஷியாவ் சிங். தனித்து வாழும் தாயான அவர், வீட்டிலிருந்தே பணிபுரிய விரும்பும் தாய்மார்களை ஒன்றிணைத்து 1998இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுவே பின்னர் ‘இ-ஹோம்மேக்கர்ஸ்’ என்றானது. அதன் ‘சலாம் வனித்தா’ திட்டத்தில் வருமானம் குறைந்த தனித்தாய்மார்களும் உடற்குறையுடைய பெண்களும் பழைய இதழ்த்தாள்களைக் கொண்டு கூடைகள் பின்னி விற்றனர். கைப்பேசிக் குறுஞ்செய்தியும் இணையமும் அவர்களுக்கு அலுவலகமாயின. வீட்டுப் படியைத் தாண்டி வேலைக்குச் செல்ல இயலாத பெண்ணுக்கு வேலையே படியேறி வந்தது.

இன்னொருவர் சரவாக்கின் கெலாபிட் இனத்தைச் சார்ந்த மானிடவியலாளர் பொலின் பாலா. சாலை வழியே எளிதில் சென்றடைய முடியாத மலையூரான பாரியோவில், மலேசிய சரவாக் பல்கலைக்கழகம் 1998இல் ‘இ-பாரியோ’ ஆய்வைத் தொடங்கியது. செயற்கைக்கோள் இணைப்பும் சூரிய ஆற்றலும் கொண்ட தொலைமையம் எழுந்தது. அதற்குக் கெலாபிட் மொழியில் ‘காத்துமான்’, அதாவது இணைப்பு, என்று பெயரிட்டனர். வெளியிலிருந்து வந்த அறிஞர்களுக்கும் தம் இனத்தாருக்கும் இடையில் நின்று, மக்கள் எதை வேண்டுகின்றனர், எதை அஞ்சுகின்றனர் என்பதை எடுத்துரைத்தவர் பொலின் பாலா. ஒரு கருவியைக் கொண்டுபோய் வைப்பது எளிது. அதனை வைக்க ஊராரிடம் இசைவு கேட்பதே அரிய கலை.

சிற்றூர் இணைய மையங்கள் பின்னர் நாடெங்கும் பரவின. அவற்றின் பெயர்தான் அடிக்கடி மாறிவிடுகின்றது. இப்போது ‘நாடி’ என்கின்றனர். மலாயிலும் தமிழிலும் பொருள் ஒன்றாகவே அமைந்த சொல். மாற்றாமல் வைத்திருந்தால் நன்று. ஆனால் 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கல்வியமைச்சின் ஆய்வு என்ன சொன்னது? மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை! பாரியோ தொடங்கி இருபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்த காலம் அது.

இதுவரை சொன்னவை யாவும் தகவலைத் திறந்துவிடும் கதை. இனி, அதனை மூடிக்காக்கும் கதைக்கு வருகின்றேன்.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த தாய் ஒருவர், “டீச்சர், அடையாள அட்டை நம்பர், சம்பளம், வீட்டு முகவரி எல்லாம் எழுதிட்டேன். இதை யார் யார் பார்ப்பாங்க?” என்று கேட்டார். ஏம்பலத்துப் பெண்கள் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான்; ஆனால் எதிர்த்திசையில்! பட்டியல் எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்பது அவர்களின் குறை. பட்டியலில் உள்ள என்னை எத்தனை பேருக்குத் தெரியும் என்பது இவரின் அச்சம்.

இவ்விரண்டும் முரண்பட்டவை என்று சிலர் வாதிடுவர். அவர்களுக்கு நான் சுட்டிக்காட்ட விரும்புபவர் அருணா ராய். 1946இல் சென்னையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1975இல் அதனைத் துறந்து இராஜஸ்தானின் சிற்றூர்களுக்குச் சென்றவர் அவர். 1990இல் தோழர்களோடு சேர்ந்து உழைப்பாளர், உழவர் அமைப்பொன்றை நிறுவினார். பஞ்ச நிவாரணப் பணிகளில் சாலை போட்ட பெண்களுக்கு உரிய கூலி கிடைக்கவில்லை. கேட்டால், வருகைப் பதிவேட்டில் இல்லை என்றனர். அப்படியாயின் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றனர் மக்கள். 1994 முதல் ஊர்ப் பொதுவிசாரணைகளில் பதிவேடுகள் உரக்கப் படிக்கப்பட்டன. இறந்தவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. கட்டாத கட்டடத்திற்குக் கணக்கு இருந்தது. அப்போராட்டமே வளர்ந்து 2005இல் இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வழிகோலியது.

பட்டியலைத் திற என்று போராடிய அதே அருணா ராய், ஆதார் அடையாள எண்ணை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களுள் ஒருவர் என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். 2010இல் முதல் ஆதார் எண் மகாராட்டிரத்தின் சிற்றூர்ப் பெண் ஒருவருக்கு வழங்கப்பட்டது. விரல் ரேகையும் கண்ணின் படமும் பதிவாயின. உழைத்துத் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காதபோது பங்கீட்டு அரிசி மறுக்கப்பட்டது. சட்ட ஆய்வாளர் உஷா இராமநாதன் இத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே, மக்களின் விவரங்கள் யார் கையில் சேர்கின்றன, எச்சட்டத்தின் பேரில் என்று ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தார். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தனர்.

முரண்பாடு எங்கே இருக்கின்றது? ஆட்சியாளரின் கணக்கு மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். எளியவரின் வாழ்க்கை ஆட்சியாளருக்கும் வணிகருக்கும் விருப்பம்போல் திறந்திருக்கக் கூடாது. என் கருத்தில் இவை ஒரே கோரிக்கையின் இரு பக்கங்கள். ஆயினும் இவற்றைக் குழப்பிவிடுவது எளிது. 2023இல் இந்தியா இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு விதியையே திருத்தியது. தனிமனித விவரம் என்னும் பெயரால் அலுவலர்களின் செயல்கள் மறைக்கப்படும் என்று பழைய போராளிகள் மீண்டும் குரல் எழுப்பினர்.

மலேசியாவில் நாம் எங்கே நிற்கின்றோம்? 2010இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2017இல் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி வெளியானது. நம் மக்கள்தொகையைவிட அது கூடுதல்! அச்சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. எனினும் கூட்டரசு, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. 2024 சனவரியில் ‘பாடு’ என்னும் முதன்மைத் தரவுத்தளத்தில் பதியுமாறு குடிமக்கள் அழைக்கப்பட்டபோது, பாதுகாப்பைப் பற்றிப் பலர் ஐயம் எழுப்பினர். 2025 ஏப்ரலில் கூட்டரசு அமைப்புகள் தமக்குள் தரவைப் பகிர்வதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது.

திறக்கும் பக்கத்தில் நம் மாநிலத்திற்கு ஒரு பெருமை உண்டு. சிலாங்கூர் 2011இல் தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியது. பினாங்கும் அவ்வாறே இயற்றியது. அது யாருக்குப் பயன்படும் என்று கேட்போர் நம் ஜெஞ்சாரோமின் அண்மை வரலாற்றைப் பார்க்கட்டும். 2018இல் சீனா நெகிழிக் கழிவுகளை வாங்க மறுத்ததும், அவை நம் கோலலங்காட் மாவட்டத்தில் வந்து குவிந்தன. இரவில் எரியும் நெகிழியின் நாற்றத்தில் ஊர் தூக்கமிழந்தது. புவா லே பெங் உள்ளிட்ட குடியிருப்பாளர்கள் உரிமமற்ற தொழிற்சாலைகள் எங்கெங்கு உள்ளன என்று தேடிக் குறித்து, படம் எடுத்து, புகார்மேல் புகார் அளித்தனர். அலுவலகம் பட்டியல் தரும்வரை காத்திராமல் தாமே ஒரு பட்டியலை உருவாக்கினர். அதன் பிறகே அமைச்சர் வரை வந்து பார்த்தனர், ஆலைகள் மூடப்பட்டன, உலகச் செய்திகளில் ஜெஞ்சாரோம் என்னும் பெயர் இடம்பெற்றது. தகவலைத் திரட்டுவது என்பது கணினி வல்லுநரின் வேலை மட்டுமன்று என்பதற்கு வேறு ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பள்ளிக்குத் திரும்புவோம். உதவி பெறத் தகுதியுள்ள மாணவர் பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா? பெற்றோர் புலனக் குழுவில் அனுப்பலாமா? ஏம்பலத்தில் பட்டியல் வெளியே வந்ததால் ஏழைகள் பயனடைந்தனர் என்று யாரேனும் எடுத்துக்காட்டக் கூடும். அங்கே மக்களுக்கு வேண்டியிருந்தது தம் பெயர் உண்டா என்று அறியும் வழி. எட்டு வயதுப் பிள்ளையின் வறுமையை வகுப்புத் தோழர்கள் அறிய வேண்டிய தேவை எதுவும் இல்லை. உதவிகள் எவை, தகுதி என்ன, யாரிடம் கேட்பது என்பதைப் பலகையில் பெரிதாக எழுதி ஒட்டலாம். பெயர்களைப் பெற்றோரிடம் தனித்தனியே சொல்லலாம். அடையாள அட்டைப் படிகளை வேலை முடிந்தபின் மேசை இழுப்பறையில் கிடக்க விடாமல் கிழித்து அழிக்கலாம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசுபொருளாக வைக்கத் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கின்றேன். தாய்மார்கள் கேள்விகளோடு வருவார்கள் என்றே எதிர்பார்க்கின்றேன்.